பழைய மீற்றர் ஒன்று விற்பனைக்கு

கஸ்தூரியார் வீதியில் என் கடைக் கண்ணாடிக்குள்
உடைந்த கைபேசிகளுக்கு நடுவே
ஒரு மாதமாய் இருந்தது.
மஞ்சள் தகரப் பெட்டி, மேலே கைபிடி,
ஒரு காதுக்கு மட்டும் கேட்கும் குழல்,
எழும்ப மறந்த ஒரு முள்.
சீமெந்து ஆலை மூடிய கிழமை
மச்சான் பரஞ்சோதி
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தவர்.
ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.
எல்லாரும் ஏதோ எடுத்தவையாம்.

நாவாந்துறை இரும்புக்காரர் தூக்கிப் பார்த்தார்.
"மூண்டு கிலோ வரும். எண்ணூறு தாறன்."
கிளிநொச்சிப் பெடியன் ஒருவன்
கடையில் ஆள் குறையும்வரை நின்று கேட்டான்:
"அண்ணை, பொன்னைக் காட்டுமோ?"
தொண்ணூற்றைந்தில் புதைத்துவிட்டு ஓடிய தாலிக்கொடிகள்
யார் யார் வளவிலோ.
காட்டாது என்றேன்.
விலையேற்றப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனான்.

உண்மையில், அது வேலை செய்யுமோ என்றே
எனக்குத் தெரியாது.
பற்றறிக்குத் தடை இருந்த வருசங்களில்
மச்சான் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்.
இதை யார் சுற்றுவார்?
வானத்தில் வருவதை நாய்கள் முன்னமே சொல்லின.

சூரிச்சிலிருந்து ஒருவர் படம் கேட்டு எழுதியபின்தான்
துருவைச் சுரண்டி நாலு பற்றறி போட்டேன்.
டிக்.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு டிக் டிக்.
சுவருக்குப் பிடித்தேன், கிணற்றுக் கட்டுக்கு,
கதலிக் குலைக்கு, என் நெஞ்சுக்கு.
எல்லாவற்றுக்கும் அதே சோம்பல்,
வேலை முடியாத தையற்காரன் இடைக்கிடை ஊசி குத்துவதுபோல.
லாச்சியைத் திறந்தேன்.
கத்தத் தொடங்கியது.
முள் எழுந்து நடுங்கிக்கொண்டு நின்றது.
உள்ளே, பிரிக்காத பக்கெற்றில்
ஒரு பெற்றோமாக்ஸ் மன்டில்.
தங்கச்சியின் கலியாண இரவுக்கென்று ஒளித்துவைத்தது.
கலியாணம் பகலில் முடிந்துபோனது.

பிறகொரு நாள் செல்வநிதி அக்கா வந்தா.
மயிலிட்டி. இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு
காணி கையில் கிடைத்தவ.
கைபேசிக் கண்ணாடி மாற்றும்வரை
பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தா.
"கண்ணிவெடியைக் காட்டுமோ?"
"இல்லை."
"செல் துண்டு?"
"அதுவும் இல்லை."
"எலும்பு?"
நான் தலையாட்டினேன்.
"அப்ப என்னத்துக்கு இது?"

கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர், மணமில்லை,
பட்டால் சூடும் இல்லை,
வருசக்கணக்கில் மண்ணில் கிடக்கும் என்றேன்.
குழலை அவவின் காதில் வைத்து
செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணுக்கு நேரே
பெட்டியைப் பிடித்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டா.
டிக் என் காதுக்கு எட்டவில்லை,
அவவின் புருவத்தில்தான் எண்ணினேன்.

"இது எங்கேயும் இருக்கிற அளவுதான்" என்றேன்.
"உங்கட மண்ணில அது இல்லை."
"இல்லையெண்டு காட்டுமோ இது?"
"ஓம்."
சிரித்தா.
"இந்த ஒண்டாவது இல்லாமப் போச்சே.
எழுதித் தாங்கோ."
ஒரு செருப்பளவு மண்ணுக்குத்தான்
என்னால் சொல்ல ஏலும் என்றேன்.
"அந்தளவுக்கு எழுதுங்கோ.
மற்றதுகளுக்கெல்லாம் பெரிய ஆக்கள்
முத்திரை குத்தித் தந்தவை.
போன மாசமும் தோடைக்குக் கிடங்கு வெட்டேக்க ஒண்டு வந்தது."

பில்லின் பின்பக்கம் எழுதினேன்.
திகதி, பெயர், டிக் எண்ணிக்கை,
கீழே என் கையெழுத்து.
நாலாக மடித்து
காணி உறுதி இருந்த பைக்குள் வைத்தா.
கண்ணாடி மாற்றிய காசில்
நூறு ரூபா குறைக்கச் சொல்லவும் மறக்கவில்லை.

சூரிச்காரர் ஆவணியில் வந்து
நாற்பத்தையாயிரம் தந்தார்.
அலுமாரியில் வைக்கப்போகிறாராம்.
பற்றறியைக் கழற்றி என்னிடமே தந்தார்.
அது இப்ப சுவர் மணிக்கூட்டில் ஓடுகிறது.

மன்டிலைச் சொல்ல மறந்துவிட்டேன்.
அது இன்னும் லாச்சிக்குள்.
இருக்கும், கத்திக்கொண்டுதான் இருக்கும்.
மாற்றிய காசு எடுக்கப் போகும்போதெல்லாம்
என் கை
கொஞ்சம் வளைந்து போகிறது.