துணைக்கு வந்தவள்

காலையில் இன்சுலின் பதினாறு யூனிட்.
ஊசியை வாசலுக்கு எடுத்துவந்து
வெளிச்சத்தில் கோடுகளை எண்ணுவது நான்தான்.
ஒரு கோடு தப்பினால் என்னாகும் என்று
ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் தந்தார்கள்.
யாரும் வயது கேட்கவில்லை.

கரண்ட் பில், ரேஷன் குறுஞ்செய்தி,
நகைக்கடன் நோட்டீஸ்,
அம்மா பெயருக்கு வரும் எதுவும்
நான் படித்தால்தான் வந்ததாகக் கணக்கு.
பூத் சிலிப்பையும் நான்தான் படித்தேன்.
வரிசை எண் அறுநூற்றேழு.
அஞ்சலாட்சி. பெண். நாற்பத்தாறு.

குடிகாட்டுப் பள்ளிக்கூடம்,
நான் ஏழாவது படித்த அறை.
ஜன்னலைச் சாத்தியும் உள்ளே வந்து
உட்கார்ந்திருந்தது சிப்காட் வாடை.
அழுகிய முட்டை மாதிரி, அதுவும் இல்லாத மாதிரி.
அதை வைத்தே காற்று எந்தப் பக்கமென்று
சொல்லிவிடுவாள் அம்மா,
பார்வை போன பிறகு.

"கூட யாரு?"
"பொண்ணு."
"வயசு?"
பதினேழு என்றேன்.
கேட்காமலே, ஜூன் ஒன்பது வந்தா பதினெட்டு என்றேன்.
அதிகாரி நல்லவர்.
புத்தகத்தைத் திருப்பி என்னிடமே காட்டினார்.
துணைக்கு வருபவருக்குப்
பதினெட்டு முடிந்திருக்க வேண்டும்.
"நான் என்னம்மா பண்றது."

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போகவிருந்த
சாரங்கபாணியைக் கூப்பிட்டார்கள்.
மூன்று வீடு தள்ளி.
குழாயடிச் சண்டைக்குப் பிறகு
அம்மாவோடு ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
அவருக்குப் பதினெட்டு முடிந்திருந்தது.
யாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டு
அம்மாவின் முழங்கையைப் பிடித்து
அட்டைத் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார்.
அவர் காதில் அம்மா என்னவோ சொன்னாள்.
சொல்லித்தானே ஆக வேண்டும்.

கரும்பலகையோரம் நின்றேன்.
அதன் கீழ்மூலையில்
காம்பஸ் முனையால் நான் கீறிய மீன்,
வால் போடுவதற்குள் மணி அடித்துவிட்ட மீன்,
இன்னும் இருந்தது.
நீளமாய் ஒரு பீப்.

திரும்பும் வழியில் கேட்டாள்:
"சத்தம் வந்துச்சே, எதுல விழுந்துச்சு?"
"நீ சொன்னதுலதான் இருக்கும்."
"இருக்கும்னா?"

டீக்கடையில் அதே பேச்சு.
வேறெங்கோ பதினாறு வயசுக்கே ஓட்டாம்.
"இதுங்களுக்கு என்னய்யா தெரியும்,
யாராவது சொல்றதைக் குத்திட்டு வரும்."
பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள்.
சாரங்கபாணி சிரிக்கவில்லை.
கிளாஸ் பிடித்த கையில் ஒரு மை,
மடியில் கிடந்த கையில் ஒரு மை.
எங்களைப் பார்த்ததும்
எந்தக் கையை ஒளிப்பதென்று தெரியாமல்
டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் பத்து யூனிட்.
வெளிச்சம் போவதற்குள் எண்ணி முடித்தேன்.
அம்மா கையை நீட்டினாள்.
எவ்வளவு என்று கேட்கவில்லை.