பதினொரு சட்டைகள்

சட்டைக்கு ஒரு பென்னி.
சனி இரவு மூட்டை வரும்,
வியாழன் காலை மடிப்போடு திரும்பிப் போகும்.
முப்பது வருடம் ஆல்டர்ஷா ஆட்டக்காரர்களின் அழுக்கை
நான்தான் எடுத்தேன்.
முதுகில் எண் எழுதாத காலம்.
எது யாருடையது என்று எனக்குச் சேறு சொல்லும்.

கோல்காவலன் பில்லிங்டனுக்கு முழங்கையில்.
ஸ்காட்லாந்திலிருந்து கூட்டி வந்த மக்கெண்ட்ரிக்குக்கு
எங்குமே இருக்காது,
வாங்கிய காசுக்கு விழவும் மாட்டான்.
ஆம்புரோஸ் ஹிண்டிலுக்கு இடது தோளில்.
எப்போதும் இடது தோளில்.
வலப்பக்கம் விழத் தெரியாதவன்.

பத்து வயதில் பஞ்சாலைக்குள் போனவன்.
ஓடுகிற எந்திரத்துக்கு அடியில் தவழ்ந்து
அறுந்த இழையை ஒட்டுகிற வேலை.
ஆடுகளத்திலும் அப்படித்தான்,
எதிராளியின் கால்களுக்கு நடுவே
எதையோ ஒட்டப் போகிறவன் மாதிரி குனிந்து நுழைவான்.
நிமிரும்போது பந்து அவனிடம் இருக்கும்.

கூலிக்கு ஆடுவது குற்றமாக இருந்த நாட்களில்
ஆட்டம் முடிந்து வந்தால்
அவன் செருப்புக்குள் இரண்டு ஷில்லிங் கிடக்கும்.
சங்கச் செயலாளரைக் கேட்டால்
பூனை போட்டிருக்கும் என்பார்.
எண்பத்தைந்தில் சட்டம் மாறிற்று,
பூனைக்கு வேலை போயிற்று.
பேரேட்டில் அவன் பெயர், வாரம் பதினெட்டு ஷில்லிங்.

உதைப்பதற்குக் கூலியா,
கழுதைகூடச் சும்மாதானே உதைக்கிறது
என்றார் என் அப்பா, அவன் காதுபட.
ஹிண்டில் சிரித்தான்.
அவருக்கும் சேர்த்து பீர் வாங்கினான்.

தொண்ணூற்று மூன்று, மார்ச், அடைமழை.
மூட்டையைப் பிரித்தேன்.
வலது தோளில் சேறு.
முழங்கால் இனித் தேறாது என்று
டாக்டர் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று.
எனக்கு அன்றிரவே தெரியும்.
பேரேட்டில் பெயரின் மேல் ஒரு கோடு.

அப்புறம் எரிவாயுச் சாலையில் கரி அள்ளினான்.
வெள்ளிக்கிழமை மாலைகளில்
சுண்ணாம்பு வாளியோடு ஆடுகளத்துக்கு வந்து
நான்கு பக்கமும் கோடு போடுவான்,
நொண்டி நொண்டி.
கோடு மட்டும் நேராக இருக்கும்.

போர் வந்தபோது அவனுக்கு வயது நாற்பத்தெட்டு.
அடுத்த வருடம் ஒரு நாள் என் கொல்லைக் கதவைத் தட்டி
நரையை மறைக்க எது நல்லது கேசியா என்றான்.
கறையை எடுக்கிறவளிடம் கறை கேட்டு வந்தவன்
அவன் ஒருவன்தான்.
கொடுத்தேன்.
அடுப்புக்குப் பூசுகிற கறுப்பு,
பன்றிக் கொழுப்பில் குழைத்து,
ஒரு தகர மூடியில்.
மீசையில் தடவிக்கொண்டு போய் நாற்பது என்றானாம்.
எழுதிக்கொண்டார்கள்.
இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

துப்பாக்கி தரவில்லை, மண்வெட்டி தந்தார்கள்.
பிரான்சில் ஏதோ ஊர், ரயில் பாதை வேலை.
பதினேழு அக்டோபரில், இருட்டில்,
அடுக்கி வைத்த கட்டைகள் சரிந்தன.
இடப்பக்கம் பாய்ந்திருப்பான்.
எந்தப் பக்கம் சரிந்தன என்று கடிதத்தில் இல்லை.

மரக்கட்டை விழுந்து செத்தது போரில் செத்ததாகுமா என்று
நகர சபை ஆறு வாரம் பேசிற்று.
ஆகும் என்று முடிவானபோது
சந்தைத் திடலில் கல் வெட்டி முடிந்திருந்தது.
எழுத்து வரிசையில் எல்லாப் பெயரும்;
ஹிண்டில் மட்டும் யேட்ஸுக்கும் கீழே,
கொஞ்சம் நெருக்கி.

கல் திறந்த வாரம் அவன் மனைவி லெட்டிஸ் வந்தாள்.
தன் துணியை யாரிடமும் கொடுக்காதவள்.
கையில் ஒரு தலையணை உறை,
அதில் மங்கலாக இரண்டு கறுப்புக் கீற்று,
மீசை அகலத்துக்கு.
கடைசி இரவுடையது, எத்தனை துவைத்தும் போகவில்லை,
உனக்கு வழி தெரியுமே என்றாள்.

கொதிநீரும் சோடாவும் இருந்தால்
ஒரு மணி நேர வேலை.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
விரலால் தேய்த்தேன்.
அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகாது என்றேன்.
நான்காக மடித்துக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை.