மாதப் பாடு

நாற்பத்தெட்டு அடி. ஆறு சிலிண்டர்.
எட்டு டன் ஐஸ் கொள்ளும் வயிறு.
சசூன் டாக்கில் மூன்றாவது வரிசையில் கட்டிக் கிடக்கிறது
ஹரேஷ்வர் தாண்டேலின் படகு.
அணியத்திலிருந்து அமரம்வரை
ரெமி நடந்துவிட்டுத் திரும்பவும் நடக்கிறார்,
பெண் பார்க்கப் போன வீட்டில்
கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர் மாதிரி.

எங்களுடையது முப்பத்திரண்டு அடி.
பனிமாதா பெயர்தான் வைத்திருக்கிறோம்,
இரண்டாம் நாள் ஐஸ் தீர்ந்துவிடும்.
கிடைத்த நாலு கூடை வாளையோடு திரும்பும்போது
பெரிய படகுகள் எதிரே போகும்.
அவை கிளப்பிய அலையில்
எங்கள் குழம்புச் சட்டி சரியும்.
அவர் சொன்ன காரணங்களில்
அந்தச் சட்டியை மட்டும் முழுதாக நம்பினேன்.

பொய் இல்லை, கரையோரத்தில் இப்போது
சொறிமீனும் பால் கவரும்தான் மாட்டுகின்றன.
போன செவ்வாய்க்கிழமை ஒரு ஹெல்மெட்.
கண்ணாடிகூட உடையவில்லை.
பிர்ஜு அதைப் போட்டுக்கொண்டு
டாக் வரைக்கும் சுக்கான் பிடித்தான்.
சிரித்தோம். அன்றைக்கு டீசல் காசு வரவில்லை.

விலை முப்பத்தாறு லட்சம்.
பழைய படகு ஒன்பதுக்குப் போகும்.
மிச்சம் இருபத்தேழுக்கு
ஆன்டாப் ஹில் அறையின் பத்திரம்.
எண்பத்து நான்கு மாதம்,
மாதம் நாற்பத்தாறாயிரத்து இருநூறு.
அந்த எண்பத்து நான்கில் பதினான்கு மாதம்
கடல் பூட்டிக் கிடக்கும்.
ஜூன் பிறந்தால் மீனுக்குப் பேறுகாலம் உண்டு,
தவணைக்குக் கிடையாது.

ரெமி இஞ்சினைப் போடச் சொன்னார்.
அது உறுமியதும் அவர் முகம் மாறியதை
நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.
கல்யாணத்தன்று கூட
அவ்வளவு இளமையாக இல்லை.

சுக்கான் அறைக் கதவை மூடப் போனபோது
அதன் பின்பக்கம் பென்சில் கோடுகள்.
பிள்ளைகளின் உயரம் குறித்திருப்பார்கள் என்று நினைத்தேன்.
ஐந்து ஐந்தாகக் கட்டிய கோடுகள்.
எண்ணிப் பார்த்தேன், பழக்கம் போகாதே.
நாற்பத்தொன்று.
அதற்குக் கீழே வெறும் பெயிண்ட்.

"ஹப்தா, பாபி" என்றார் தாண்டேல்.
அவ்வளவுதான் சொன்னார்.
கைத்துண்டால் கதவைத் துடைப்பதுபோல் துடைத்தார்.
பென்சில் போகவில்லை.
இஞ்சின் சத்தத்தில் ரெமிக்கு எதுவும் கேட்கவில்லை.
திரும்பும் பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் சீட் கிடைத்தது,
பைகுல்லா வரை வலையின் நீளத்தைப் பற்றியே பேசினார்.
சொல்ல வாய் வந்தது. வாயோடு நின்றது.

இன்று வங்கி.
தேவ்தரே மேடம் படிவத்தை நீட்டுகிறார்.
மராத்தி ஒரு பக்கம், இந்தி மறுபக்கம்.
பெயர், வயது, ஆதார் எல்லாம் எழுதிவிட்டேன்.
ஏழாவது கட்டத்தில் கேட்கிறார்கள்,
மாதத்துக்கு எவ்வளவு மீன் கிடைக்கும் என்று.
எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்குப் பாடு என்று பெயர்.
மீன் விழுந்தாலும் பாடுதான்,
விழாமல் வந்து படுவதும் பாடுதான்.
எந்தப் பாட்டை எழுத?

"நாலு டன் போடு" என்கிறார் ரெமி மெதுவாக.
பென்சிலால் நாலு என்று எழுதினேன்.
"பென்சில் சலேகா நஹி" என்கிறார் மேடம்.
கவுன்டரில் ஒரு பேனா இருக்கிறது,
நூலால் கட்டிப் போட்ட பேனா.
இழுக்கிறேன்.
ஒரு முழம் வந்து நின்றுவிடுகிறது,
படிவத்துக்கு இன்னும் நான்கு விரல் கிடை.

"படிவத்தை இந்தப் பக்கம் தள்ளேன்" என்கிறார் ரெமி.
பின்னால் வரிசையில் யாரோ இருமுகிறார்கள்.
என் இடது கை படிவத்தின் மேல் இருக்கிறது.
கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று
அவரிடம் சொல்லத் தொடங்குகிறேன்,
இங்கேயே, எல்லோரும் கேட்க,
தமிழில்.