மூன்றாம் சாட்சி

காலை ஆறு ஐம்பது பாசஞ்சர், பாறசாலையிலிருந்து.
பத்து மணிக்குள் வெற்றிடக் கூடத்தில்
காற்றைக் கிழிக்கத் தொடங்கிவிடுவோம்:
மின்வில்லுக்குள் தள்ளினால்
ஆக்சிஜன் சோடி ஒவ்வொன்றும் இரண்டாகும்.

விண்ணிலிருந்து இறங்கும் கலத்தின் மூக்கில்
இதுவும் நடக்கும் என்பேன் புதியவர்களிடம்.
உராய்வு என்று மட்டும் எழுதிவைத்திருப்பார்கள்.
அடிக்கச் சொல்வேன்.

இன்று இரண்டு வில்லை.
ஒன்று வெறும் செம்பு, ஒன்று சிலிக்கா பூசியது.
ஒரே விட்டம், ஒரே தூரம், அதே ஊதாத் தாரை,
பன்னிரண்டு நொடி.
செம்பின் கோடு திரையில் ஏறிக்கொண்டே போனது.
சிலிக்காவுக்கு அதில் பாதிகூட இல்லை.

"சென்சர் கேடாயோ சேச்சி?" பிஜுலால் கேட்டான்.
கேடில்லை.
ஒற்றை ஒற்றையாய் வரும் அணுக்களுக்குச்
செம்பு உட்கார இடம் கொடுக்கிறது.
அங்கே அவை சேர்ந்துகொள்கின்றன,
கிழிபட்டபோது பட்ட கடனை
அதன் மேலேயே இறக்கிவிட்டுப் போகின்றன.
சிலிக்கா இடம் கொடுக்காது.
பெரும்பாலும் வந்தவை வந்தபடி போகும்.

சொல்லிவிட்டு, வால்வை மூடும்போது
ஹெப்சிபாய் நினைவுக்கு வந்தாள்.

களியக்காவிளைக்காரி. அவன் உதியன்குளங்கரை.
பதிவு அலுவலகத்தில் மூன்று சாட்சி கேட்டார்கள்.
முத்திரைத்தாள் விற்பவர், அவருடைய மைத்துனன், நான்.
அவர்கள் இருவரும் ஒப்பு வைத்துவிட்டு
எதிர்க்கடையில் பழம்பொரி தின்னப் போனார்கள்.
அவர்களை யாரும் தேடி வரவில்லை.

எனக்கு, செக்போஸ்ட் தாண்டி அவளுடைய அண்ணன்மார்;
மறுநாள் வடக்கேயிருந்து அவனுடைய அம்மாவன்.
"நீ எதுக்கு பிள்ளே ஒப்பு வச்சே?"
இரண்டு பாஷையிலும் அதே கேள்வி.
சபையில் எங்கள் பெஞ்சில்
எட்டு மாதம் வேறு யாரும் உட்காரவில்லை.
அப்பாவுக்குக் கால் நீட்ட வசதியாக இருந்தது.

அவர்கள் இப்போது மஸ்கட்டில்.
ஸ்டேட்டஸில் ஒரு குழந்தை,
பின்னால் சுவரில் ஏசி, பதினெட்டில்.

கலத்துக்குப் பூச சிலிக்காவே ஏற்றது.
அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்,
என் பெயரும் தேதியும் போட்டு.

ஆனால் தாரையில் எத்தனை அணு
தனியாக வந்தது என்று தெரிய
செம்பைத்தான் வைக்க வேண்டும்.

நாற்பது நிமிடம் கழித்துக் கழற்றினேன்.
ஓரம் கறுத்திருந்தது, கையுறை தாண்டியும் சுட்டது.
பிஜுலால் மாற்று வில்லையோடு வந்தான்.

வேண்டாம், இதையே மாட்டு என்றேன்.
இன்னும் ஒரு ஓட்டம் தாங்கும்.