பதினோரு மூடிகள்

மே மாதத்து மக்தலேனா ஆற்றுக்குப்
பால் அதிகம் விழுந்த காப்பியின் நிறம்.
காலை ஆறு மணிக்கு
அதை ஒரு பீப்பாயில் மொண்டு வைத்தோம்
நானும் எவரிஸ்தோவும்.
கலக்கிப் பார்க்கும் எந்திரத்தில் ஆறு துடுப்பு உண்டு;
சுழல்வது ஒன்றுதான்.
மற்ற ஐந்துக்கும் தலைநகருக்குக் கடிதம் போய்
மூன்று வருஷம் ஆகிறது.

எட்டுக் கலவைகள்:
படிகாரம் குறைவு, கூடுதல்;
சுண்ணாம்பு குறைவு, கூடுதல்;
துடுப்பு மெதுவாக, வேகமாக.
எல்லாவற்றுக்கும் நட்டநடுவே ஒன்று,
அதை மட்டும் மூன்று முறை.
ஒரே சமையலை எதற்கு மூன்று தடவை, என்றார்.
நம் கை எவ்வளவு நடுங்குகிறது என்று பார்க்க.
கையை நீட்டிக் காட்டினார்.
நடுங்கவில்லை.

பீர் மூடிகளில் எண் எழுதி
அவர் தொப்பியில் போட்டுக் குலுக்கினேன்.
அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.
குறைவிலிருந்து கூடுதலுக்கு
வரிசையாகப் போனால் என்ன?
பத்தொன்பது வருஷமாக இந்த ஊருக்குத்
தண்ணீரைத் தெளியவைத்தவன்
லாட்டரிச் சீட்டா எடுக்க வேண்டும்?

பீப்பாயைக் காட்டினேன்.
அது சும்மா இருக்கவில்லை.
என்னதான் கிளறிவிட்டு மொண்டாலும்
மணிக்கு மணி வண்டல் அடியில் இறங்கியது;
வெயில் ஏற ஏற நீர் வெதுவெதுத்தது.
வரிசையாகப் போனால்
சாயங்காலத்தின் தெளிவு முழுவதையும்
படிகாரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.
நேரம் செய்த வேலைக்கு
மருந்து சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விடும்.

பதில் சொல்லாமல்
தொப்பிக்குள் கையை விட்டார்.
ஒன்பது.

ஏழாவது குவளையில் மின்சாரம் போயிற்று.
பன்னிரண்டாம் நிமிஷத்தில் துடுப்பு நின்றது.
நொய்யரிசி அளவு கூடத் தொடங்கிய திரள்
பாதி வளர்ச்சியில் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
"நாலு என்று போடு, யெசெனியா.
நாலுதான் வந்திருக்கும்."
நாலுதான் வந்திருக்கும், எனக்கும் தெரியும்.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.
அதே எண்ணை இன்னொரு மூடியில் எழுதித்
தொப்பியில் போட்டேன்.
இருட்டில் இருவரும் வாழைக்காய் வறுவல் தின்றோம்.

இரவு பத்தரைக்குக் கடைசிக் குவளை.
படிகாரத்தைக் கேட்டால்
சுண்ணாம்பைப் பொறுத்தது என்றது.
சுண்ணாம்பைக் கேட்டால்
படிகாரத்தைக் கேள் என்றது.
துடுப்புக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
தாளில் இரண்டு கோடுகள்
கத்தரிக்கோலாகக் குறுக்கே போயின.
சுண்ணாம்பில்லாமல் வாளி வாளியாகக் கொட்டியது
நீரைப் புளிக்கவைத்து
கலங்கலைத்தான் இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
கோடுகளை அவரே வெகுநேரம் பார்த்தார்.

நடுக் குவளைகள் மூன்றும்:
மூன்று புள்ளி ஒன்று, இரண்டு புள்ளி எட்டு,
மூன்று புள்ளி மூன்று.
"இவ்வளவுதானா நடுக்கம்?"
கையை மறுபடி திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் வாளியின் உட்புறம்
பாதிக்கும் கீழே
ஆணியால் ஒரு கோடு கீறியிருந்தது.
பக்கத்தில் இரண்டு சொல்:
சுண்ணாம்போடு மட்டும்.

ஊரில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.
மேட்டுத் தெரு ஃபிலோமேனா
குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமலே
குடித்திருப்பாள்.
அவ்வளவுதான் எங்கள் வெற்றி.

அக்டோபரில் ஆறு வேறு ஆறு;
அன்றைக்கு இந்தக் கோடு பொய்.
மூடிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில்
போட்டு வைத்திருக்கிறேன்.
எண்ணினால் பன்னிரண்டு.
ஒன்று, போன மின்சாரத்துக்கு.