நான்காவது டயோடு

நாற்பது வாட் பல்பைத் தொடரில் கோத்து
சுவிட்சைத் தட்டினாள் பொக்னா.
பளீரென எரிந்தது, மங்கவே இல்லை.
உள்ளே எங்கோ ஷார்ட்.

க்டீனியா துறைமுகத்தில் மூடுபனிச் சங்கு.
மேசைமேல் வயிறு திறந்து கிடக்கிறது ஆசிலோஸ்கோப்,
அவளைவிட ஆறு வயது மூப்பு.

பெரிய கெப்பாசிட்டரைத்தான் முதலில் பிடித்தாள்.
தலை புடைத்திருந்தது, பார்த்தாலே திருட்டு முழி.
கழற்றி அளந்தாள். குற்றமில்லை.

டயோடு ஒன்று, இரண்டு, மூன்று:
போக விட்டன, திரும்ப விடவில்லை.
நான்காவது
யார் வந்தாலும் வா என்றது,
யார் போனாலும் போ என்றது.

சரி, ஃபியூஸ் ஏன் போகவில்லை?
மூடியைத் திருகி உருவினாள்.
கண்ணாடிக் குழாயைச் சுற்றி
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்,
நகத்தால் நீவி நீவி, சுருக்கமே இல்லாமல்.

அடப் பாவி, என்றாள் போலிஷில்.
அப்புறம் யோசித்தாள்:
கடை பூட்டியிருந்திருக்கும்.
விடிவதற்குள் ஏதோ கப்பல்
கிளம்ப வேண்டியிருந்திருக்கும்.

புது டயோடு. அரை ஆம்பியர் ஃபியூஸ்.
பல்பு ஒரு கணம் சிவந்து அடங்கியது.
திரையில் பச்சைக் கோடு,
நேராகத்தான்,
ஆனால் லேசாக நடுங்குகிறது.

சூடேறச் சூடேற
இன்னும் நடுங்குகிறது.

தலை புடைத்தவனை
மறுபடி பார்த்தாள்.