எந்த முகத்தில் அறுப்பது

திரையின் மூலையில் என் பெயர் இருந்தது:
சாக்கம்மா தி., 41, பெண்.
ரேஷன் கார்டில்கூட இவ்வளவு சரியாக வந்ததில்லை.

டாக்டர் அர்ஷியா நாற்காலியை நகர்த்தி
மவுஸை என் பக்கம் தள்ளினார்.
நடுவில் இருக்கிற சக்கரத்தை உருட்டுங்கள்,
மேலே நெஞ்சு, கீழே இடுப்பு.
விரலில் மெழுகு பென்சிலின் மஞ்சள்.
சேலையில் துடைத்துவிட்டுத் தொட்டேன்.

பர்கூர் போகிற வழியில் எங்கள் கிரானைட் பட்டறை.
லாரியில் வரும் பாறைமேல்
எண்பது பிளேடு ஒன்றாக இறங்கும்,
மூன்று நாள், ராத்திரி பகலாக.
சேறு வடிந்ததும் பலகைக்குப் பலகை
நம்பர் போடுவது என் வேலை.
நம்பர் தவறினால்
பன்னிரண்டில் கிளம்பிய கறுப்பு வரி
பதிமூன்றில் எங்கே திரும்பியதென்று
ஒருத்தருக்கும் தெரியாமல் போகும்.
பதினாறு வருஷத்தில்
ஒரு வரியையும் நான் தொலைத்ததில்லை.

அதனால் உருட்டியதும் பிடிபட்டது.
இது நான்.
படுக்க வைத்து, குறுக்கே அறுத்து,
வரிசை குலையாமல் அடுக்கிய நான்.
எங்கள் பலகை இருபது மில்லி, இவர்களுடையது இரண்டு.
இத்தனை மெல்லிசாக அறுத்தும்
ஒரு சொட்டுச் சேறு இல்லை.

ஈரல் வந்தது, பெரிய சாம்பல் பாறை.
அதன் கீழே நகக்கண் அளவு வெள்ளை,
உருட்ட உருட்ட வட்டமாகி, வாய் பிளந்து,
மறுபடி வட்டமாகி மறைந்தது.
நாற்பத்தொன்றில் அதன் ஓரம் ஒரு கடுகு.
நாற்பத்து நான்கில் புளியங்கொட்டை.
நாற்பத்தெட்டில் கோலிக்குண்டு.
பிறகு வந்த வழியே சின்னதாகி
ஐம்பத்தைந்தில் இல்லை.
முன்னும் பின்னும் உருட்டி
மூன்று முறை அதைப் பிறக்க வைத்தேன்,
மூன்று முறை சாகடித்தேன்.
கையை எடுத்தால் எந்த நம்பரில் நின்றுவிடுமோ என்று
பயமாக இருந்தது.

உங்கள் உடம்பில் காட்டுங்கள் என்றார்.
திரையில் இருந்தபடியே
இடது விலாவைத் தொட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
இது உங்கள் கால்மாட்டில் நின்று பார்க்கிற படம்,
எதிரே படுத்திருப்பவளின் வலது என்றார்.
முதல் படத்தை வீட்டு ஜன்னலில் பிடித்துப் பார்த்ததிலிருந்து
மூன்று வாரம்
தப்பான பக்கத்தைத் தடவிக்கொடுத்திருக்கிறேன்.

வெளியே சையத் பாஷா மலை.
பர்கூர் பஸ்ஸுக்கு ஒரு முதுகு,
ராயக்கோட்டை பஸ்ஸுக்கு வேறு முதுகு.
இரண்டு மலை என்று எந்தக் கண்டக்டரும் சொல்வதில்லை.

பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார்.
பலகையெல்லாம் சேர்ந்து உருண்டு எழுந்தது:
ஊதாவில் சிறுநீரகம், சிவப்புக் குழாய், நீலக் குழாய்,
மஞ்சளில் அது.
சுற்றினால் சுற்றியது. அழகுதான்.
எனக்கு நம்பிக்கை வரவில்லை.
ஏற்றுமதிக்காரர் லேப்டாப்பில் காட்டும் சமையலறை மாதிரி;
அதில் எங்கள் கல்லுக்கு ஒரு கீறலும் இருக்காது.
இரண்டு பலகைக்கு நடுவே
பிளேடு தின்றது எங்கே என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
அங்கே கம்ப்யூட்டர் ஊகிக்கிறது,
அதனால் கத்தி எடுக்கும் முன்னால்
நான் பலகைக்கே திரும்பிப் போவேன் என்றார்.
பலகை என்று அவரும் சொன்னது பிடித்திருந்தது.

எந்த முகத்தில் அறுப்பீர்கள்?
வெடிப்பு பின்னால் இருந்தால்
நாங்கள் பாறையைப் புரட்டிப் போடுவோம்,
நல்ல கல்லைக் கடந்து போகமாட்டோம்.
நேற்று சாயங்காலம் வரை
எங்களுக்குள் அந்தப் பேச்சுதான் என்று
ஊதாவைத் திருப்பி முதுகைக் காட்டினார்.
முன்னால் போனால் குடலை ஒதுக்க வேண்டும்.
பின்னால் போனால் இதோ, கையெட்டும் தூரம்.
புரட்டிப் போடுங்கள் என்றேன்.

அன்றைக்குக் காலையில்
தோலில் அம்புக்குறி போடுவார்களாம்,
பக்கம் மாறாமல் இருக்க.
நானே போட்டுக்கொள்கிறேன், என் வேலையே அதுதான் என்றேன்.
முதுகு எட்டாதே என்றார்.

வெளியே பெஞ்சில் திம்மராஜ், கையில் டோக்கன்.
அவனுக்கு நம்பர் எழுத வருமா என்று
இதுவரை நான் கேட்டதே இல்லை.